உடல் காத்திருக்காது: ஆட்டிசமும் பருவ வயதும் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. நான்கும் ஆட்டிசமுள்ள, அதாவது பேச்சும் பழகும் முறையும் ஒலி, தொடுதல் போன்றவற்றை உணரும் விதமும் பிறவியிலேயே வேறுபட்டிருக்கும் பிள்ளைகள் பருவ வயதை எட்டும்போது எழும் கேள்விகளைப் பற்றியவை. தோட்டத்துப் பட்டணத்தில் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று சொன்னாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் இளைய மகளுக்கு வயது 10. ஆட்டிசம் உள்ளவள், நாலைந்து சொற்கள்தான் பேசுவாள். தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறாள். மார்பு வளரத் தொடங்கிவிட்டது. நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். மாதவிலக்கு வந்தால் இவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. உறவினர் ஒருவர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார். மாமியாரோ, மூத்தவளுக்கு மண்டபம் எடுத்துச் சடங்கு செய்ததைப் போல இவளுக்கும் செய்தே ஆக வேண்டும் என்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய்

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய நேரம் நல்ல நேரம். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றங்கள் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குவது இயல்பு. மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் முதல் மாதவிலக்கு வருகிறது. ஆகவே உங்கள் கையில் அநேகமாக ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு நாம் அன்றைக்கு அன்றே சொல்லிச் சமாளித்துவிடுவோம். ஆட்டிசமுள்ள பிள்ளைக்கு அது போதாது. முன்கூட்டியே, சிறிது சிறிதாக, பல முறை செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

முதலில் இரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இதுவரை இரத்தத்தை எப்போது பார்த்திருப்பாள்? விழுந்து முட்டி கிழிந்தபோது, கை அறுபட்டபோது. இரத்தம் என்றால் காயம், காயம் என்றால் வலி என்றுதான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் உள்ளாடையில் அதைப் பார்த்தால் எவ்வளவு அஞ்சுவாள் என்று எண்ணிப் பாருங்கள். எனவே, உங்களுக்கோ மூத்த மகளுக்கோ மாதவிலக்கு வரும் நாள்களில், கழிவறையில் அவளை உடன் வைத்துக்கொண்டு, பயன்படுத்திய பேடை ஒரு கணம் காட்டி, "அம்மாவுக்கும் வரும், அக்காவுக்கும் வரும், காயம் இல்லை, மாற்றிவிட்டால் சரி" என்று எப்போதும் அதே சொற்களில் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் படம் போட்டு விளக்குவதைவிட, நாளும் நம்பிப் பார்க்கிற தாயின் முகம் பதறாமல் இருப்பதே அவளுக்குப் பெரிய பாடம்.

அடுத்து, வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், காய்ந்த பேடை அணியப் பழக்குங்கள். சில பிள்ளைகளுக்கு அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் உறுத்தும், சிலருக்கு வாசனை பிடிக்காது, சிலர் அதன் சரசரப்பொலிக்கே காதைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டு மூன்று வகைகளை வாங்கி எதை அவள் பிடுங்கி எறியாமல் இருக்கிறாள் என்று பாருங்கள். எதுவுமே ஒத்துவராவிட்டால், துவைத்துப் பயன்படுத்தும் மாதவிலக்கு உள்ளாடை இப்போது கிடைக்கிறது. உள்ளாடையின் உட்புறத்தில் பேடின் வடிவத்தைத் துணிப் பேனாவால் வரைந்துவிட்டால் எங்கே ஒட்டுவது என்ற குழப்பம் தீரும். கழற்றுவது, சுருட்டுவது, தாளில் சுற்றுவது, குப்பைத் தொட்டியில் போடுவது, புதியதை ஒட்டுவது, கை கழுவுவது என்ற வரிசையைப் படங்களாக எடுத்துக் கழிவறைச் சுவரில் அவள் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். பேடில் சில துளி பீட்ரூட் சாற்றை விட்டு, "சிவப்பைப் பார்த்தால் மாற்று" என்று பழக்கலாம். பள்ளியிலும் இதே படங்கள், இதே சொற்கள் இருக்க வேண்டும்; வகுப்பாசிரியையிடமும் ஆசிரியர் உதவியாளரிடமும் இப்போதே பேசுங்கள். நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் யார் இருப்பார்களோ, அவர்களும் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராமல் போகலாம், அது நோயன்று. ஆயினும் தேதிகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை கையைக் கடிக்கும், தலையை மோதும், சாப்பிட மறுக்கும். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நான் வகுப்பில் இருந்த காலத்தில் ஒரு மாணவி மாதத்தில் மூன்று நாள் யாரையும் கிட்டே விடமாட்டாள். அவள் தாயின் காலண்டரைப் பார்த்த பிறகே எங்களுக்குக் காரணம் விளங்கியது. அது விளங்கும் வரை நாங்கள் அவளைத் தண்டித்திருக்கிறோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கர்ப்பப்பையை எடுக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பெரிய அறுவைச் சிகிச்சை. பராமரிப்பு எளிதாகும் என்பதற்காக ஒரு சிறுமியின் உடலில் செய்யத் தக்கதன்று. சினைப்பைகள் இருக்கும்வரை மார்பு வளர்ச்சியும் மனநிலை மாற்றங்களும் தொடரத்தான் செய்யும். "கெட்டவர் எவராவது ஏதும் செய்துவிட்டால்" என்ற பயமே இந்த யோசனையின் அடியில் பெரும்பாலும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை அந்தக் கெட்டவரைத் தடுக்காது. நடந்தது வெளியே தெரியாமல் போகவே அது உதவும். இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தாலோ, மாதவிலக்கோடு வலிப்பு போன்ற தொல்லைகள் சேர்ந்து வந்தாலோ, அதைக் குறைக்கவும் நிறுத்தி வைக்கவும் மாத்திரைகளும் ஊசிகளும் உள்ளன. அதை மருத்துவரிடம் பேசுங்கள்.

இனி, உங்கள் மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். அவருடைய பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: மூத்த பேத்திக்குச் செய்ததை இளையவளுக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். இப்படிக் கேட்கும் பாட்டிகள் நம் ஊரில் அதிகம் இல்லை. ஆனால் மண்டபம், ஒலிபெருக்கி, பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, வீடியோ விளக்கு, ஒருவர் பின் ஒருவராகக் கன்னத்தைத் தொடும் அத்தைமார்கள் எல்லாம் சேர்ந்தால் அது உங்கள் மகளுக்குச் சடங்காக இராது, தண்டனையாக இருக்கும். அவள் விரும்பும் ஐந்தாறு பெண்கள், பருத்திப் பாவாடை, தலைக்குப் பதிலாகப் பாதத்தில் ஊற்றும் மஞ்சள் நீர், பிடித்த இனிப்பு, இருபது நிமிடத்தில் முடியும் ஒரு காலை என்று செய்து பாருங்கள். அக்காவின் சடங்குப் படங்களை ஒரு மாதத்திற்கு முன்பிருந்தே காட்டிவர வேண்டும். அவள் காதைப் பொத்தினால் அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வாயில் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். உணவின் வழவழப்பைத் தாங்காத பிள்ளையை அப்படி வற்புறுத்தினால், பிறகு பல வாரங்களுக்கு அவள் எதையுமே உண்ண மறுக்கக்கூடும். தீட்டு என்று படுக்கையையும் தட்டையும் மாற்றி ஒதுக்கி வைப்பதும் வேண்டாம். தினமும் ஒரே இடம், ஒரே தட்டு என்பதில்தான் அவளுடைய அமைதியே இருக்கிறது. அதை மாதந்தோறும் குலைத்தால் மாதவிலக்கையே வெறுக்கக் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, மகனும் மருமகளும் ஜொகூரில் வேலை செய்வதால் பேரனை நாங்கள்தான் வளர்க்கிறோம். அவனுக்கு வயது 14. கொஞ்ச நாளாகக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கால்சட்டைக்குள் கையை விடுகிறான். என் மனைவி கரண்டியால் அடித்தும் பார்த்துவிட்டாள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தெரிந்த பெண்களை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறான். சின்ன வயதில் எல்லோரும் கொஞ்சினார்கள், இப்போது விலகிப்போகிறார்கள். மருந்து உண்டா? பிற்காலத்தில் ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா?
– ஒரு தாத்தா

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சரியாகாது. திருமணம் எந்த நிலைக்கும் மருந்தாகாது. அப்படி மருந்தாக நினைத்து ஒரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவருவது அவளுக்குச் செய்யும் அநியாயம். நாளை உங்கள் பேரனே விரும்பி, புரிந்துகொண்டு மணம் செய்ய நினைத்தால் அது வேறு பேச்சு.

பேச்சும் படிப்பும் மெதுவாக வந்தாலும் உடல் தன் காலத்தில் வளர்ந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் அது தொடங்குகிறது. அவன் செய்வது அந்த வயதுப் பையன்களில் பெரும்பாலோர் செய்வதுதான். மற்றவர்கள் மறைவில் செய்கிறார்கள், மறைவு என்றால் என்னவென்று இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. ஆனால் முதலில் ஒரு முறை கிளினிக்கில் காட்டிவிடுங்கள். நம் வெயிலில் இறுக்கமான கால்சட்டையால் வரும் அரிப்பும் படையும்கூட இதே போலத் தோன்றும். அரிப்பைச் சொல்லத் தெரியாதவன் கையைத்தான் கொண்டுபோவான்.

உடலில் ஒன்றும் இல்லையென்றால், கற்றுக்கொடுக்க வேண்டியது இடத்தை மட்டுமே. கூடத்தில் கை போனதும், கத்தாமல், சிரிக்காமல், "இது அறையில்" என்ற இரண்டே சொல்லைச் சொல்லி அவனை அழைத்துச் செல்லுங்கள். நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. லயத்து வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு அறை என்றால் தனியறைக்கு எங்கே போவது? ஒரு கட்டிலைச் சுற்றித் திரை போட்டால் போதும். திரை மூடியிருந்தால் நீங்களும் பாட்டியும் உள்ளே போகக்கூடாது. அந்த மரியாதையை நீங்கள் காட்டினால்தான் மறைவு என்பதன் பொருள் அவனுக்கு விளங்கும். பலர் குளியலறைக்கு அனுப்புகிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டுக் குளியலறையில் சரி என்று கற்றவன் பள்ளிக் கழிவறையிலும் பேருந்து நிலையக் கழிவறையிலும் சரி என்றே எடுத்துக்கொள்வான், அங்கே அது பெரிய ஆபத்தில் முடியும். கரண்டியால் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடித்தால் இடத்தைக் கற்கமாட்டான், ஒளித்துச் செய்யக் கற்பான். சில பிள்ளைகளுக்குப் பாட்டி ஓடிவந்து கத்துவதே ஒரு விளையாட்டாகிவிடும்.

தூக்கத்தில் விந்து வெளியாவதைப் பற்றியும் அவனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். படுக்கை நனைந்ததற்காகத் தான் தவறு செய்ததாக எண்ணிப் போர்வையை ஒளித்து வைத்த பையன்களை நான் அறிவேன். மீசை மழிப்பதையும் அக்குளில் சோப்புப் போடுவதையும் நீங்களே உங்கள் முகத்திலும் உடலிலும் செய்துகாட்டுங்கள். மின்சார ரேசரின் ஓசைக்கு அஞ்சினால், சில நாள் அதை அணைத்தபடியே கையில் பிடிக்கவிட்டுப் பிறகு ஓடவிடலாம்.

கட்டிப்பிடிப்பதைப் பற்றி: ஐந்து வயதில் ஊரே கொஞ்சி வளர்த்த பழக்கம் இது, விதி மாறிவிட்டதை யாரும் அவனுக்கு அறிவிக்கவில்லை. இன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம், வீட்டுக்குள் நால்வருக்கு மட்டும் அணைப்பு என்று வையுங்கள். அந்த நால்வரின் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதை என்ற முறை இதற்கு நன்கு உதவும்: "நான் பசார் மாலாமுக்குப் போகிறேன். அங்கே தெரிந்த அக்காவைப் பார்க்கிறேன். கை கூப்புகிறேன். அக்கா சிரிக்கிறார்" என்று அவன் பெயரில், அவன் படத்தோடு நாலு வரி எழுதி, போவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டுங்கள். பலகாரக் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், கோயில் பூசாரி எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். ஒருவர் மட்டும் "பரவாயில்லை, பிள்ளைதானே" என்று அணைத்தாலும் ஒரு மாத உழைப்பு வீணாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும்" என்று இத்தகைய பிள்ளைகளை நாம் பழக்கிவிடுகிறோம். எல்லாப் பெரியவருக்கும் கீழ்ப்படியும் பிள்ளையைக் கெடுப்பது எளிது. ஆண் பிள்ளைக்கும் அந்த ஆபத்து உண்டு. உடல் உறுப்புகளுக்கு மழுப்பலான பெயர் வைக்காமல் நேரான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்ட உதவுபவர் யார், வேறு யார் தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லி விலகிவர வேண்டும் என்பதைப் படத்தில் காட்டுங்கள். "தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று நீங்களே கேட்கும்போது அவன் மறுத்தால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் பாதுகாப்புத் தருகிறது; அத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் தராமல் இருப்பதே அச்சட்டப்படி குற்றம். ஐயம் எழுந்தால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். உறவுக்குள் பேசித் தீர்க்கும் வேலையில் இறங்காதீர்கள்.

கேள்வி: ஆட்டிசமுள்ள என் 15 வயது மகன் இரண்டு முறை திடீரென விறைத்துக் கீழே விழுந்தான். காற்றுக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். வேறு ஏதும் செய்ய வேண்டுமா?
– ஓர் அப்பா

பதில்: கயிறு கையிலேயே இருக்கட்டும், இந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். ஆட்டிசமுள்ளவர்களில் பலருக்குக் காக்காய் வலிப்பு சேர்ந்து வருவதுண்டு; அது சிறு வயதிலோ, அதைத் தாண்டினால் பருவ வயதிலோ புதிதாகத் தொடங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. மீண்டும் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ கையில் இரும்புச் சாவியோ வைக்கக்கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 999 அவசர எண்ணை அழையுங்கள். வீட்டில் வேறொருவர் இருந்தால் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். உங்கள் வர்ணனையைவிட அது மருத்துவருக்குப் பயன்படும். மருந்து கொடுத்தால், மூன்று மாதம் வலிப்பு வரவில்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நான் படிவம் நான்கு மாணவன். எனக்கே ஆட்டிசம் இருக்கிறது. சாதாரண வகுப்பில்தான் படிக்கிறேன். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்குச் சோர்ந்துவிடுகிறேன். ஓய்வு நேரத்தில் தனியாக இருக்க விரும்புவது தவறா? ஒரு மாணவி என்னிடம் நன்றாகப் பேசினாள்; நான் ஒரே நாளில் நாற்பது வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன், இப்போது அவள் பேசுவதில்லை. என் ஆட்டிசத்தைப் பற்றி நண்பர்களிடம் சொல்லலாமா?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, உன் கடிதம்தான் இந்த நான்கிலும் தெளிவாக எழுதப்பட்டது. பள்ளியில் ஏழு மணி நேரம் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, எப்போது சிரிப்பது, எங்கே பார்ப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் யாரும் களைத்துத்தான் போவார்கள். ஓய்வு நேரத்தில் நூலகத்தில் தனியாக இருப்பதில் ஒரு தவறும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று அம்மாவிடம் எழுதிக்கொடு. உன்னால் எழுத முடிகிறதே, அதைப் பயன்படுத்து. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீண்டு, தூக்கம் கெட்டு, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வயதில் ஆட்டிசமுள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. அப்போது பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ தயங்காமல் சொல்.

அந்த மாணவி விஷயத்தில் உனக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஒரு செய்தி அனுப்பினால் பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாதே. இரண்டு முறை பதில் வரவில்லை என்றால், அதற்குப் பொருள் "வேண்டாம்" என்பதே, அதோடு நிறுத்திவிடு. அவளிடம் ஒரே ஒரு முறை, "அதிகமாகச் செய்தி அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும், இனி அனுப்பமாட்டேன்" என்று எழுதலாம். அதற்கும் பதிலை எதிர்பார்க்காதே. யாராவது உன் உடலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலோ, "ஒரு நாளைக்கு உன் வங்கி அட்டையைக் கொடு, காசு தருகிறேன்" என்றாலோ, அவர் எவ்வளவு நெருக்கமாகப் பழகினாலும் நண்பராக இருக்க முடியாது. அட்டையைக் கொடுத்தால் மோசடிப் பணம் உன் கணக்கு வழியாகப் போகக்கூடும்; அப்போது போலீஸ் தேடி வருவது உன்னைத்தான்.

நண்பர்களிடம் சொல்வது உன் விருப்பம். எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். நீ சொன்ன வேறொரு இரகசியத்தைக் காப்பாற்றியவர் எவரோ, அவரிடம் முதலில் சொல்லிப் பார். சமூக நல இலாகாவில் பதிந்து பெறும் ஓகேயூ அட்டையும் (மாற்றுத்திறனாளி அட்டை) கட்டாயமன்று. அங்கே ஆட்டிசத்தைக் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிவார்கள், அந்தச் சொல் உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் படிவம் ஐந்து மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரமோ தனியறையோ உனக்கு உதவும் என்று தோன்றினால், மருத்துவ அறிக்கையோடும் அட்டையோடும் முன்கூட்டியே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். படிவம் ஐந்து தொடங்கும் வரை காத்திராமல் இந்த ஆண்டே ஆலோசக ஆசிரியரிடம் கேட்டுவிடு.